ஆயா வீட்டுப் பூனை எதைத் தின்னு வாழ்ந்துச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப் போறது பூனைச் சாப்பாட்டோட வரலாறு. சிரிக்காதீங்க, இதுக்குள்ள சங்க இலக்கியம் இருக்கு, குன்னூர் இருக்கு, கண்ணு தெரியாம போன பூனைகள் இருக்கு. கடைசியில உங்க வீட்டு அடுப்பும் இருக்கு.

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு ஃபிளாட்ல பூனை வளர்க்குற யார்கிட்ட பேசினாலும் ஒரு கேள்வி வரும். "பாக்கெட் சாப்பாடு விலை ஜாஸ்தி, அதுல என்ன கலக்குறாங்கன்னும் தெரியல. எங்க ஊர்ல ஆயா வீட்டுப் பூனை தயிர்சாதமும் கருவாடும் தின்னு நல்லாத்தானே இருந்துச்சு? அதையே நானும் வீட்ல செஞ்சு போட்டா என்ன?"

நியாயமான கேள்வி. ஆனா அதுல ஒரு கணக்குப் பிழை இருக்கு. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க விஞ்ஞானத்துக்கே 1987 வரைக்கும் ஆச்சு. வாங்க, ஊர்லேர்ந்தே ஆரம்பிப்போம்.

சம்பளமும் படியும்

நைனார்பாளையத்தை எடுத்துக்குவோம். கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் பக்கம். கல்வராயன் மலைக்குக் கீழ விரியுற விவசாய பூமி. நெல்லு, மக்காச்சோளம், கரும்பு, பருத்தி, மரவள்ளி, அப்புறம் நம்ம வடக்கத்தி மாவட்டங்கள்ல மல்லாட்டைன்னு சொல்ற நிலக்கடலை. இப்படி ஒரு ஊர்ல அறுவடை முடிஞ்சா தானியம் எல்லாம் வீட்டுக்குள்ளதான் வரும். குதிர்ல கொட்டுவாங்க, தொம்பையில கொட்டுவாங்க, மூட்டை கட்டி அடுக்குவாங்க. தானியம் வந்தா பின்னாடியே எலி வரும். எலி வந்தா பூனை வரும்.

இது உலகம் பூரா நடந்த கதைதான். சைப்ரஸ் தீவுல ஒரு மனுஷனோட சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனை ஒண்ணு கிடைச்சுது. 2004ல அதைப் பத்தி எழுதினாங்க. அதோட வயசு சுமார் 9,500 வருஷம். அங்கேயும் விவசாயம் வந்த பிறகுதான் பூனை மனுஷன் பக்கத்துல வருது. நாயை நாம வேட்டைக்குப் பழக்கினோம், மாட்டை ஏர்ல பூட்டினோம். பூனையை யாரும் பழக்கல. எலி இருந்த இடத்துக்கு அதுவா வந்துச்சு.

நம்ம பழைய பாட்டுகள்லயும் பூனை முதல்ல வீட்டுக்கு வெளியிலதான் நிக்குது. சங்க இலக்கியத்துல காட்டுப் பூனைக்கு 'வெருகு'ன்னு பேரு. குறுந்தொகையில ஒரு பாட்டுல, சாயங்காலம் வேலிப் பக்கம் வெருகு வருது, வீட்டுக் கோழி பதறிப்போய் குஞ்சுகளைக் கூப்பிடுது. தொல்காப்பியம் மரபியல்ல எந்த மிருகத்தோட பிள்ளைக்கு என்ன பேருன்னு ஒரு பட்டியல் வரும். அங்க வெருகோட பிள்ளைக்கும் எலியோட பிள்ளைக்கும் ஒரே பேரு: குட்டி. 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரம் போனா, அர்ச்சுனன் தபசுன்னு நாம சொல்ற அந்தப் பெரிய பாறையில ஒரு பூனை முன்னங்காலைத் தூக்கித் தவம் செய்யுது, பக்கத்துல எலிகள். அந்தச் சிற்பிக்குப் பூனையோட உண்மையான சாப்பாடு எதுன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

பால் எங்கேர்ந்து வந்துச்சு? கம்பராமாயணத் தொடக்கத்துல, கம்பர் தன்னைப் பாற்கடல் முழுசையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்கு ஒப்பிட்டுச் சொல்றார். தெனாலிராமன் கதையில சூடான பாலைக் குடிச்சு வாய் வெந்த பூனை, பாலைப் பார்த்தாலே ஓடுது. பூனைன்னா பால்னு நம்ம மனசுல ரொம்ப ஆழமா பதிஞ்சிருக்கு.

ஆனா ஊர்ல நடந்ததை யோசிங்க. ஆயா மத்தியானம் சாப்பிட்டு மிச்சம் இருந்த சோத்துல கொஞ்சம் மோர் ஊத்தி, கருவாட்டுத் தலையைப் போட்டுத் திண்ணை ஓரமா வைப்பாங்க. கடல் இல்லாத ஊர்ல கருவாடுதானே மீன்? பூனை வந்து நக்கிட்டுப் போகும். மிச்ச நேரம் அது எங்க இருந்துச்சு? குதிருக்குப் பின்னாடி, வைக்கோல் போருக்குள்ள, வரப்பு மேல. அங்க சாப்பிட்டதை யாரும் பார்க்கல.

நான் சொல்ல வர்றது இதுதான். ஆயா வச்ச சோறு பூனைக்குச் சம்பளம் இல்ல, படி. "இந்த வீட்டை விட்டுப் போயிடாத"ன்னு கொடுத்த படி. சம்பளம் எலி.

ஒரு எலிக்குள்ள என்ன இருக்கு?

எலியை ஒரு சாப்பாடா பாருங்க. தசையும் இதயமும் இருக்கு, அதுல புரதம், டாரின். டாரின் யாருன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன். எலும்பு இருக்கு, அதுல கால்சியம். ஈரல் இருக்கு, அதுல வைட்டமின் ஏ. கொழுப்பு, தண்ணி, எல்லாமே சரியான அளவுல. பூனையோட உடம்பு பல லட்சம் வருஷமா இந்த ஒரு பொட்டலத்தை நம்பியே உருவானது.

அதனால, நம்ம உடம்பு செய்யுற சில வேலைகளைப் பூனை உடம்பு செய்யவே செய்யாது. நாம கேரட் சாப்பிட்டா உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கும். பூனையால முடியாது. நமக்குத் தேவையான டாரினை நம்ம ஈரலே செஞ்சுக்கும். பூனை போதுமான அளவு செஞ்சுக்காது. எலிக்குள்ளயே எல்லாம் ரெடியா இருக்கும்போது எதுக்கு செய்யணும்?

சோத்தை எடுத்துக்குங்க. அரிசியில புரதம் சுமார் 7 சதவீதம். வளர்ந்த பூனையோட உணவுல, தண்ணியைக் கழிச்சுட்டுப் பார்த்தா, குறைஞ்சது 26 சதவீதம் புரதம் இருக்கணும்னு அமெரிக்கத் தர அளவு சொல்லுது. டாரின்? அரிசியில கிடையவே கிடையாது.

வயிறு நிறையுறது வேற, சத்து கிடைக்குறது வேற. இன்னைக்கு இது சாதாரணமா தெரியுது. ஆனா இதை நிரூபிச்ச இடங்கள்ல ஒண்ணு நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு.

குன்னூர்ல எலிகளுக்கு நம்ம சாப்பாடு

1918. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துல ஒரே ஒரு அறை. பெல்ஃபாஸ்ட் பக்கத்துலேர்ந்து வந்த ராபர்ட் மெக்காரிசன்ங்கிற மருத்துவர் அங்க பெரிபெரி நோயை ஆராய ஆரம்பிக்கிறார். தீட்டின அரிசியையே நம்பி வாழுறவங்களுக்கு வர்ற நோய் அது. தவிட்டோட போற தயமின், அதாவது வைட்டமின் பி1, இல்லாததுதான் காரணம்.

1920கள்ல அவர் ஒரு சோதனை பண்ணார். எலிகளைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவோட ஒவ்வொரு பகுதி மக்களோட சாப்பாட்டைக் கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறின்னு சாப்பிட்ட 'சீக்கியச் சாப்பாடு' எலிகள் நல்லா கொழுகொழுன்னு வளர்ந்துச்சு. வரிசையில கடைசி யாரு? 'மதராஸிச் சாப்பாடு' எலிகள். அரிசி நிறைய, மத்தது கொஞ்சம்.

எல்லா எலிக்கும் வயிறு நிறைஞ்சுதான் இருந்துச்சு. வித்தியாசம் சத்துலதான். அந்த ஒரு அறை வளர்ந்து, 1958ல ஹைதராபாத்துக்கு மாறி, இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. நம்ம ஊர்ச் சாப்பாட்டுல எதுல எவ்வளவு சத்துன்னு நாம பார்க்குற அட்டவணைகள் அந்த வழியில வந்ததுதான்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எலிக்கே பத்தாத சாப்பாட்டைத்தான் நாம பூனைக்கு வச்சுக்கிட்டு இருந்தோம். பூனை புத்திசாலி, அது சோத்தை நக்கிட்டுப் போய் எலியைத் தின்னுச்சு.

எலி இல்லாத பூனைகள்

பூனை எலியை விட்டுட்டு முழுக்க மனுஷன் கையையே நம்ப ஆரம்பிச்சது பெரிய நகரங்கள்ல. 19ஆம் நூற்றாண்டு லண்டன்ல, குதிரைக் கறியைக் குச்சியில செருகித் தெருத் தெருவா வித்த ஆட்கள் இருந்தாங்க. 'பூனைக் கறிக்காரர்'னே பேரு. 1922ல அமெரிக்காவுல குதிரைக் கறியை டப்பாவுல அடைச்சு நாய்களுக்கு வித்தாங்க. பூனை டப்பாவும் அந்த வழியில வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் உலர் தீனி பக்கம் கம்பெனிகள் திரும்பிச்சு. இன்னைக்கு நாம பார்க்குற மொறுமொறு தீனி அப்படி வளர்ந்ததுதான்.

இங்கேர்ந்துதான் சிக்கல்கள் ஆரம்பம். ஒவ்வொண்ணையும் கேளுங்க, ஏன்னா நாம இன்னைக்கு வீட்ல செய்யுற தப்புகளும் இதே வரிசையிலதான் வருது.

முதல்ல மீன். 1930கள்ல அமெரிக்காவோட மின்னசோட்டா மாநிலத்துல, ரோமத்துக்காக வளர்த்த நரிகள் பச்சை மீன் தின்னு பக்கவாதம் வந்த மாதிரி விழுந்து செத்துச்சு. பச்சைக் கெண்டை மாதிரி சில மீன்கள்ல தயமினை அழிக்குற ஒரு நொதி இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. பூனைக்கும் அதேதான். அதாவது, மெக்காரிசன் குன்னூர்ல தேடின அதே பி1. வேக வச்சா அந்த நொதி செத்துடும். அதனால ஏரிக் கெண்டையைப் பச்சையா போடக் கூடாது.

அடுத்து வெறும் கறி. "பூனை கறி தின்னுற ஜீவன், அதனால எலும்பில்லாத கறி மட்டும் போடுறேன்." 1960களின் தொடக்கத்துல கார்னெல் பல்கலைக்கழகத்துல, கறி மட்டுமே தின்ன குட்டிகளோட எலும்பு ஏன் ஒடியுதுன்னு விளக்கினாங்க. கணக்கு எளிமை. 1 கிலோ கோழிக்கறியில பாஸ்பரஸ் சுமார் 2 கிராம், கால்சியம் வெறும் 0.1 கிராம். ரெண்டும் கிட்டத்தட்டச் சமமா இருக்கணும். இல்லைன்னா உடம்பு தன்னோட எலும்புலேர்ந்தே கால்சியத்தைக் கரைச்சு எடுத்துக்கும்.

மூணாவது ஈரல். அதே காலத்துல ஆஸ்திரேலியாவுல, ஈரலையே தினமும் தின்னு வளர்ந்த பூனைகளுக்குக் கழுத்தெலும்பு ஒட்டிக்கிட்டு, தலையைத் திருப்ப முடியாம போச்சு. காரணம் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்தது. பூனைக்கு ஈரல் உயிர். ஆனா எலிக்குள்ள இருக்குற அந்தத் துளி அளவு ஈரல்தான் உயிர்.

பால் குடிச்சுக் கண்ணு போன பூனை

இப்போ டாரின். 1827ல ஜெர்மனியில ரெண்டு விஞ்ஞானிகள், டீடெமானும் கிமெலினும், காளையோட பித்தநீர்லேர்ந்து இதைப் பிரிச்சு எடுத்தாங்க. காளைக்கு லத்தீன்ல 'டாரஸ்', அதனால டாரின். அப்புறம் கிட்டத்தட்ட 150 வருஷம் இதை யாரும் பெருசா கண்டுக்கல.

1975ல 'சயின்ஸ்' இதழ்ல ஹேயஸும் அவரோட சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினாங்க. பால்லேர்ந்து எடுக்குற கேசின்ங்கிற புரதத்தை மட்டுமே புரதமா கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை அழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. ரத்தத்துலயும் விழித்திரையிலயும் டாரின் குறைஞ்சிருந்துச்சு. கம்பர் காலத்துலேர்ந்து நாம பூனைக்குன்னு நினைச்ச பாலோட புரதம் வயித்தை நிரப்புச்சு, கண்ணைக் காப்பாத்தல. இந்த ஆராய்ச்சிகளோட தொடர்ச்சியாத்தான் 1980கள்ல மனுஷக் குழந்தைகளோட பால் பவுடர்லயும் டாரின் சேர்க்க ஆரம்பிச்சாங்க.

1978ல இன்னொண்ணு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல மோரிஸும் ரோஜர்ஸும், அர்ஜினைன்ங்கிற அமினோ அமிலம் இல்லாத ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டைப் பூனைக்குக் கொடுத்தாங்க. சில மணி நேரத்துல ரத்தத்துல அம்மோனியா ஏறிப் பூனை நோய்ப்பட்டுச்சு. ஒரே வேளை! கறியில அர்ஜினைன் தாராளமா இருக்கு, அதனால நாம பயப்பட வேண்டாம். ஆனா பூனையோட உடம்பு எவ்வளவு கறாரானதுன்னு இது காட்டுது.

உச்சக்கட்டம் 1987. அதே டேவிஸ்ல பால் பியான்ங்கிற இளம் மருத்துவர், இதயம் பலூன் மாதிரி வீங்கித் துடிப்பு பலவீனமான பூனைகளைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அந்தக் காலத்துல இந்த நோய்ல வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான வீட்டுப் பூனைகள் செத்துச்சு. ரத்தத்தைச் சோதிச்சா டாரின் ரொம்பக் குறைவு. டாரின் கொடுத்தார். செத்துடும்னு நினைச்ச பூனைகளோட இதயம் மறுபடி ஒழுங்கா துடிக்க ஆரம்பிச்சுது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தப் பூனைகள் தின்னது ஆயா வச்ச மோர்ச்சோறு இல்ல. கடையில வித்த, அந்தக் காலத் தர அளவுப்படி டாரின் போதும்னு நினைச்ச கம்பெனி உணவு. அளவே தப்பா இருந்துச்சு. அதுக்கப்புறம் அளவை ஏத்தினாங்க: இன்னைக்கு உலர் தீனியில குறைஞ்சது 0.1 சதவீதம், டப்பா உணவுல 0.2 சதவீதம். அந்த இதய நோய் வெகுவா குறைஞ்சு போச்சு.

அதனால பாக்கெட் மேல உங்களுக்கு இருக்குற சந்தேகம் முட்டாள்தனம் இல்ல. அதுக்கு வரலாறு இருக்கு. ஆனா அதைத் திருத்தினது சோதனையும் அளவும்தான். "பழைய முறை"ன்னு திரும்பிப் போனா, அங்க இருந்த எலி இப்போ இல்லை.

காணாம போன பூனைகள்

"சரி, ஆனா ஊர்ல பூனைகள் நல்லாத்தானே இருந்துச்சு?" திரும்பவும் அதே கேள்வி வரும்.

ஊர்ல ஒரு பூனைக்கு முடியலன்னா என்ன நடக்கும்? அது எங்கேயாவது மறைவா போய்ப் படுத்துக்கும். நாம "பூனையைக் காணோம்"னு சொல்லுவோம். அதோட முடிஞ்சுது. போட்ட குட்டிகள்ல எத்தனை தங்குச்சு, கண்ணு மங்கினது எத்தனைன்னு யாரும் கணக்கு வைக்கல. நம்ம ஞாபகத்துல இருக்குறது தப்பிப் பிழைச்ச பூனை மட்டும்தான். அதுவும் எலி பிடிக்கத் தெரிஞ்ச பூனை.

இன்னைக்கு ஊரும் மாறிடுச்சு. பல வீடுகள்ல குதிர் இல்ல. நெல்லு களத்துலேர்ந்தே கொள்முதலுக்குப் போயிடுது. வயல்ல எலி மருந்து வைக்குறாங்க. மருந்து தின்ன எலியைப் பூனை தின்னா பூனைக்கும் ஆபத்து. ஆயா இன்னும் அதே அன்போடதான் மோர்ச்சோறு வைக்குறாங்க. ஆனா சம்பளம் நின்னு போய், படி மட்டும் மிச்சம். உங்க ஃபிளாட்ல நடக்குறதும் அதேதான், அங்க ஆரம்பத்துலேர்ந்தே எலி கிடையாது.

அப்போ வீட்ல செய்யலாமா?

செய்யலாம். ஆனா நீங்க செய்யப் போறது சமையல் இல்ல, ஒரு எலியை மறுபடி கட்டுறது. அதுல ஒவ்வொரு பாகமும் வேணும்.

கறின்னா நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறி நல்லது, அதுல டாரின் பல மடங்கு அதிகம். கோழிக் கடையில ஈரலோட சேர்த்துத் தர்ற இதயத்தை வீசாதீங்க. ஈரல் கொஞ்சமா மட்டும். வேக வச்ச தண்ணியைக் கீழ ஊத்தாதீங்க, டாரின் அதுலதான் கரைஞ்சு போகும். அந்தச் சாறும் சாப்பாட்டோட சேரணும். அப்படியும் அது பத்தும்னு நம்பிட முடியாது. தனியா டாரின் சேர்க்கணும்.

எலும்புக்குப் பதிலா கால்சியம். ஒரு முட்டை ஓட்டைக் கழுவிக் காயவச்சு நைஸா பொடி பண்ணா, அதுல சுமார் 2 கிராம் கால்சியம் கிடைக்கும். மேல சொன்ன 1 கிலோ கறிக் கணக்கை ஞாபகம் வச்சுக்கிட்டா எவ்வளவு தேவைன்னு ஒரு அளவு புரியும். ஆனா சிறுநீரகப் பிரச்சினை இருக்குற பூனைக்கும் வளர்ற குட்டிக்கும் கணக்கு வேற.

வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, ரெண்டும் பூனையோட ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம்ம குழம்புல கழுவி எடுத்த கறியும் அதே கணக்குதான். கருவாட்டுல உப்பு. பால் வளர்ந்த பூனைகள் பலதுக்குச் செரிக்கவே செரிக்காது.

வைட்டமின் ஈ, பி1, அயோடின், துத்தநாகம் எல்லாம் மீதி இருக்கு. இங்கதான் இணையத்துல கிடைக்குற ரெசிபிகள் சறுக்குது. 2019ல டேவிஸ் ஆராய்ச்சியாளர்கள் புத்தகங்கள்லயும் இணையத்துலயும் இருந்த 114 பூனை ரெசிபிகளை எடுத்துப் பார்த்தாங்க. கணக்குப் போடுற அளவுக்குத் தகவல் இருந்தது 94. அதுல எல்லாச் சத்தும் பரிந்துரைச்ச அளவுல இருந்த ரெசிபி ஒண்ணுகூட இல்ல. மருத்துவர்கள் எழுதினதும் அந்த 94ல சேர்த்திதான்.

அதனால, வீட்ல செய்யணும்னு முடிவு பண்ணா, ஊட்டச்சத்து தெரிஞ்ச கால்நடை மருத்துவர்கிட்ட உங்க பூனையோட வயசு, எடை, நோய் எல்லாம் சொல்லி, ஒரு அளவை எழுதி வாங்குங்க. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேர்ந்து இருக்கு. சின்னசேலம் பக்கம்னா தலைவாசல்லயே இப்போ கால்நடை ஆராய்ச்சி நிலையம் வந்தாச்சு. எழுதிக் கொடுத்த அளவுல ஒண்ணைக்கூட "இது கிடைக்கல, அதுக்குப் பதில் இது"ன்னு நீங்களா மாத்தாதீங்க. அது முடியாதுன்னா, முழு உணவுன்னு போட்டிருக்குற பாக்கெட்டைப் போட்டுட்டு, மேல ஒரு துண்டு வேக வச்ச தொடைக்கறி வைங்க. தப்பே இல்ல.

டாரின் குறைவுல ஒரு கொடுமை இருக்கு. பூனை மாசக் கணக்கா நல்லா சாப்பிடும், விளையாடும், மடியில வந்து படுக்கும். உள்ள விழித்திரை போய்க்கிட்டே இருக்கும். இதயத்தைச் சில சமயம் மீட்டுடலாம், போன கண்ணு திரும்பி வராது. "தட்டைக் காலி பண்ணிடுச்சு"ங்கிறது ஒரு அத்தாட்சியே இல்ல. குன்னூர் எலிகளும் தட்டைக் காலி பண்ணிச்சு.

ஆயாகிட்டேர்ந்து நாம எடுத்துக்க வேண்டியது அந்தப் பாசத்தை. அளவை, தங்கள் கண்ணையும் இதயத்தையும் கொடுத்து நமக்குப் பாடம் சொன்ன அந்தப் பூனைகள்கிட்டேர்ந்து எடுத்துக்குவோம்.

உங்க ஊர்ல பூனைக்கு என்ன வைப்பாங்க, பூனையை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு எழுதி அனுப்புங்க.